சாரல் ஊரில் சட்டம் போட்ட கரும்பலகை: ஆயிரம் ரூபாய்க்குள் வீட்டிலேயே செய்ய

செங்கோட்டைப் பக்கத்துப் புளியரையில் வீட்டுத் திண்ணையில் சாயங்கால டியூஷன் எடுக்கும் ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார்: "4 அடிக்கு 3 அடியில் சட்டம் போட்ட கரும்பலகை வேண்டும். கையில் இருப்பது ஆயிரம் ரூபாய். போன வருஷம் வாங்கிய மலிவுப் பலகை ஒரே சாரல் சீசனில் வளைந்து, பூச்சும் உரிந்துவிட்டது. நானே செய்யலாம் என்று இருக்கிறேன். என்ன பலகை வாங்குவது? பெயின்ட்டை வீட்டிலேயே கலக்கலாமா? சட்டம் கட்டாயம் வேண்டுமா?"

செய்யலாம் டீச்சர், தாராளமாகச் செய்யலாம். ஆனால் பலகை ஏன் வளைந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அது புரியாமல் அடுத்ததைச் செய்தால் அதுவும் வளையும்.

வளைந்த பலகையைச் சுவரிலிருந்து இறக்கிப் பின்பக்கம் பாருங்கள். அநேகமாக வெறும் மரமாகத்தான் இருக்கும். முன்பக்கம் இரண்டு மூன்று கோட்டிங் பெயின்ட் அடித்து அடைத்துவிட்டார்கள், பின்பக்கத்தை யாரும் தொடவில்லை. வைகாசிக் கடைசியில் சாரல் ஆரம்பித்தால் ஆவணி வரை நம் பக்கம் காற்றிலேயே ஈரம்தான். அந்த ஈரம் திறந்து கிடக்கும் பின்பக்கத்தில் மட்டும் ஏறுகிறது. பின்பக்கம் உப்பி விரிய, முன்பக்கம் அப்படியே நிற்க, பலகையின் நான்கு மூலையும் முன்னால் எழும்பிக்கொள்ளும், நடுப்பகுதி சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பூச்சு உரிவதும் பெரும்பாலும் இதே ஈரத்தால்தான். பின்னாலிருந்து வரும் ஈரம் பெயின்ட்டுக்கு அடியில் வந்து நின்று அதைத் தள்ளிவிடுகிறது. மழை ஊரில் கரும்பலகை பின்பக்கத்திலிருந்துதான் கெடுகிறது. ஆகவே நீங்கள் எந்தப் பலகை வாங்கினாலும் சரி, முன்பக்கத்துக்கு எத்தனை கவனமோ அத்தனை கவனம் பின்பக்கத்துக்கும் நான்கு விளிம்புக்கும் வேண்டும். காசு குறைவு என்று இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இதற்குப் புதிதாகப் பெயின்ட் வாங்க வேண்டியதுகூட இல்லை. ஜன்னலுக்கும் கேட்டுக்கும் அடித்து மிஞ்சிய எனாமல் எந்த நிறத்தில் இருந்தாலும் போதும். சுவரைப் பார்த்து நிற்கப்போகிற பக்கம்தானே.

இனி பலகை. ஹார்ட்போர்டு வேண்டாம். 3 மில்லி கனத்தில் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சாக்குப் போலச் சொரசொரப்பாகவும் வரும் பழுப்பு அட்டைதான் அது. விலை குறைவு, ஆனால் 4 அடி நீளத்துக்கு விறைப்பு போதாது. எழுதும்போது உள்வாங்கும், ஈரம் பட்டால் ஊதும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையின் முகம் மிக நன்றாக இருக்கும், வறண்ட ஊராக இருந்தால் அதையே சொல்லியிருப்பேன். நம் பக்கம் வேண்டாம். விளிம்பில் ஒருமுறை தண்ணீர் ஏறினால் உப்பியது உப்பியதுதான், வெயிலில் வைத்தாலும் பழையபடி அமுங்காது.

பிளைவுட்டுக்குப் போங்கள். கனம் 9 மில்லி எடுங்கள். 6 மில்லியும் ஓடும், ஆனால் பின்னால் குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டிவரும். 12 மில்லி தேவையில்லாத பாரம். 4க்கு 3 அடியில் 9 மில்லி பிளைவுட் ஏறக்குறைய 6 கிலோ வரும், ஒருவரே தூக்கி மாட்டிவிடலாம். கடையில் "எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்." என்று இரண்டு வகை சொல்வார்கள். எம்.ஆர். என்பது காற்று ஈரத்தை மட்டும் தாங்கும் பசையில் ஒட்டியது. பி.டபிள்யூ.ஆர். கொதிநீரையும் தாங்கும் பசை, விலையும் கூட. உங்கள் திண்ணையில் சாரல் நேராக அடிக்காது என்றால் எம்.ஆர். போதும், மேலே சொன்னபடி இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால். சாரல் பலகை மீதே அடிக்கும் இடம் என்றால் பலகைக்கு அதிகம் செலவு செய்வதைவிட இடத்தை மாற்றுங்கள். நனையும் பலகையில் சாக்பீஸ் எழுதவும் எழுதாது.

நம் பக்கக் கடைகளுக்கு வரும் பிளைவுட்டில் நிறைய கேரளத்துப் பெரும்பாவூர்ச் சரக்கு, ரப்பர் மரத்தில் செய்தது. எழுதும் பலகைக்கு ரப்பர் மரம் நல்லதுதான், முகத்தில் ரேகை பெரிதாகத் தெரியாது. வாங்கும்போது பலகையின் விளிம்பை ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள், கடையிலேயே வளைந்திருப்பதை வீட்டில் நிமிர்த்த முடியாது. முகத்தில் விரல் நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள். எங்காவது சத்தம் பொத்தென்று மாறினால் உள்ளே பசை பிடிக்காமல் வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துண்டு வேண்டாம்.

முழுத் தாள் 8க்கு 4 அடி. அதை வாங்கினால் உங்கள் ஆயிரம் ரூபாய் அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டு வழி உண்டு. ஒன்று, செங்கோட்டை அல்லது தென்காசியில் மாடுலர் கிச்சன், அலமாரி செய்யும் மரப்பட்டறையில் வெட்டு மிச்சம் கேட்பது. 4க்கு 3 அவர்களுக்கு மிச்சம், உங்களுக்கு முழுப் பலகை. அங்கேயே மிஷினில் நேராக அறுத்தும் வாங்கிவிடலாம். மைக்கா ஒட்டிய துண்டைத் தள்ளினால் வாங்காதீர்கள், மைக்கா மேல் இந்தப் பெயின்ட் நிற்காது. இன்னொன்று, வேறு ஒரு டீச்சரோடு சேர்ந்து முழுத் தாளை வாங்குவது. ஒரு தாளில் 4க்கு 3 இரண்டு வரும், 4க்கு 2 ஒன்று மிஞ்சும். அந்த மிச்சத்துக்கு ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஆயிரத்தில் பாதியோ அதற்கு மேலோ பலகைக்கே போகட்டும். அடுத்த பங்கு பெயின்ட்டுக்கு. சட்டத்துக்குத்தான் கையை இறுக்கலாம்.

பெயின்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சாக்பீஸ் என்பது நம் ஊரில் பெரும்பாலும் ஜிப்சம் மாவை அச்சில் ஊற்றிக் காயவைத்தது. பலகையில் எழுத்து விழ வேண்டுமானால் பலகை அந்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுக்க வேண்டும். அதற்குக் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு வேண்டும். சாதாரணக் கறுப்பு எனாமல் அடித்தால் பளபளவென்று அழகாகத்தான் இருக்கும், ஆனால் சாக்பீஸ் வழுக்கும், கீச்சென்று கத்தும், விளக்கு வெளிச்சம் பட்டால் பின்வரிசைப் பிள்ளைக்கு வெறும் மினுமினுப்புதான் தெரியும். வண்ணக் கடையில் "பிளாக்போர்டு பெயின்ட்" என்றே கேளுங்கள். மினுப்பே இல்லாமல், தூள் கலந்து வருவது அது. பச்சையிலும் கிடைக்கும். 4க்கு 3 என்பது 12 சதுர அடி. மூன்று கோட்டிங்குக்கு அரை லிட்டர் தாராளம்.

வீட்டில் கலக்கலாமா என்றால், கலக்கலாம். மினுப்பில்லாத கறுப்பு எமல்ஷன் ஒரு டம்ளர், அதில் டைல்ஸ் இடுக்குக்குப் பூசும் மணல் இல்லாத கிரௌட் தூள் இரண்டு மேசைக்கரண்டி. முதலில் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு பெயின்ட்டில் ஊற்றிக் கலக்குங்கள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் இன்னும் நல்லது. ஒரு கோட்டிங்குக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள், கிரௌட்டில் சிமென்ட் இருப்பதால் வைத்திருந்தால் இறுகிவிடும். வீட்டில் கறுப்பு எமல்ஷன் மிச்சம் இருந்தால் செலவு மிகக் குறைவு, பிடித்த நிறத்திலும் செய்துகொள்ளலாம். ஆனால் தினமும் எழுதி அழிக்கும் டியூஷன் பலகைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஈரத்துணி போட்டுத் துடைக்கத் துடைக்கத் தேயும். சமையலறையில் பால் கணக்கு எழுதவும், குழந்தை கிறுக்கவும் சரி. உங்களுக்குக் கடைப் பெயின்ட்தான்.

இப்போது வேலை முறை. பலகையின் இரண்டு பக்கத்தையும் 120 நம்பர் உப்புத்தாளில் ரேகை போகும் திசையிலேயே தேயுங்கள். வெறும் கையால் தேய்த்தால் விரல் பட்ட இடம் குழியும். ஒரு மரத்துண்டில் தாளைச் சுற்றிக்கொண்டு தேயுங்கள். ஆணிக்குழி, வெடிப்பு இருந்தால் மரப் பட்டி (புட்டி) வைத்து அடைத்து, காய்ந்ததும் மறுபடி தேயுங்கள். தூசியை ஈரமில்லாத துணியால் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒரு கோட்டிங் மர பிரைமர். பிளைவுட்டின் விளிம்பு பெயின்ட்டைக் குடிக்கும். முதல் கோட்டிங் போன இடம் தெரியாது. அங்கே மூன்று முறை அடியுங்கள். பின்பக்கம் மிச்ச எனாமல் இரண்டு கோட்டிங். பின்பக்கத்தையும் விளிம்பையும் முடித்துவிட்டு முன்பக்கம் வந்தால் முகத்தில் கறை படாது.

முன்பக்கத்துக்குப் பிரஷ் வேண்டாம். 4 இஞ்சு ரோலர் வாங்குங்கள். பிரஷ் கோடு காய்ந்த பிறகும் நிற்கும், சாக்பீஸ் ஒவ்வொரு கோட்டிலும் தடுக்கித் தடுக்கிப் போகும். பெயின்ட்டின் தூள் டப்பாவின் அடியில் படிந்து கிடக்கும். குச்சியால் அடியிலிருந்து நன்றாகக் கிளறிவிடுங்கள், நடுநடுவேயும் கிளறுங்கள். கிளறாமல் மேலாக எடுத்து அடித்தால் அந்தச் சொரசொரப்பு பலகைக்கு வராமல் டப்பாவிலேயே தங்கிவிடும். முதல் கோட்டிங்கை இடவலமாக உருட்டுங்கள், இரண்டாவதை மேல்கீழாக, மூன்றாவதை மறுபடி இடவலமாக. ஒவ்வொன்றும் மெல்லிசாக. ஒரே முறையில் கனமாக அடித்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும். இரண்டு கோட்டிங்குக்கு நடுவே 320 நம்பர் வாட்டர் பேப்பரால் (நைசான உப்புத்தாள்) லேசாக ஒரு தடவல், தூசியைத் துடைத்துவிட்டு அடுத்தது.

எந்த நாளில் அடிக்கிறீர்கள் என்பது முக்கியம். ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் அது அள்ளி வரும் மண். ஈரப் பெயின்ட்டில் ஒட்டிய மண் எழுதும்போது ஒவ்வொரு பருக்கையாகத் தெரியும். முடிந்தால் மாசி, பங்குனியில் செய்யுங்கள். ஸ்கூல் திறக்கும் நேரத்தில்தான் செய்தாக வேண்டும் என்றால் மூடிய அறையில், தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, காலை பத்து மணிக்கு மேல் அடியுங்கள். அடித்து முடித்ததும் காற்று நேராக அடிக்காத பக்கத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள், அந்த வாடையில் பிள்ளைகள் உட்காரக் கூடாது. டப்பாவில் போட்ட நேரத்தை நம்பாமல் ஒரு கோட்டிங்குக்கு ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். உள்ளங்கையை வைத்தால் சில்லென்று ஒட்டுகிற உணர்வு இருக்கக் கூடாது. வெயிலில் நேராகக் காயவைக்காதீர்கள், ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் பலகை திருகும்.

மூன்றாவது கோட்டிங் முடிந்ததும் எழுதிப் பார்க்கக் கை பரபரக்கும். பொறுங்கள். வறண்ட நாளில் மூன்று நாள், சாரலில் ஒரு வாரம். அதற்கு அப்புறமும் நேராக எழுதக் கூடாது. ஒரு முழு சாக்பீஸைப் படுக்கவைத்து, பலகை முழுக்க ஒரு இடம் விடாமல் வெள்ளையாகத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து எடுங்கள். குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை. பூச்சின் நுண்குழிகளில் எல்லாம் ஒரே சீராக மாவு உட்கார்ந்துவிடும். இதைச் செய்யாமல் முதல் நாள் "அ, ஆ" எழுதினால் அந்த எழுத்தின் கோட்டில் மட்டும் மாவு ஏறி, எத்தனை அழித்தாலும் நிழலாக நிற்கும்.

சட்டம் கட்டாயமா என்று கேட்டீர்கள். எழுதுவதற்குக் கட்டாயமில்லை. ஆனால் பலகையின் உயிர் விளிம்பில் இருக்கிறது. பிள்ளைகள் இடிப்பதும், ஈரம் ஏறுவதும், பலகையை இறக்கி வைக்கும்போது மூலை நசுங்குவதும் அங்கேதான். சட்டம் அதைக் காக்கும், பலகைக்கு விறைப்பும் கொடுக்கும். அதனால் போடுங்கள், ஆனால் எளிதாகப் போடுங்கள். ஒன்றரை இஞ்சு அகலம், அரை இஞ்சு கனத்தில் 8 அடி ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் ஒரு 4 அடி, ஒரு 3 அடி அறுத்தால் ஒவ்வொரு அடி மிஞ்சும். மிஞ்சும் இரண்டையும் கீழ்ச்சட்டத்தின் மேல் படுக்கவைத்து அடித்தால் சாக்பீஸ் வைக்கும் தட்டு.

எந்த மரம்? புதிய ரப்பர் மர ரீப்பர் மலிவு. ஆனால் மருந்தில் முக்காத ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், வண்டு உளுத்துவிடும். ஊசி முனை அளவு ஓட்டையும், கீழே மாவு உதிர்ந்ததும் தெரிந்தால் தொடாதீர்கள். என் யோசனை பழைய மரக்கடை. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். மலையாளத்து முறையில் மரத்தைத் தாராளமாகப் போட்டுக் கட்டிய ஓட்டு வீடுகள் இந்தப் பக்கம் நிறைய இருந்தன, இன்றும் இடித்துக்கொண்டிருக்கிறார்கள். அயினி, பலா, சமயத்தில் தேக்குச் சட்டம்கூடத் துண்டாகக் கிடைக்கும். பல வருஷம் காய்ந்து முறுகிய மரம், இனிமேல் வளையாது. மில்லில் கொடுத்து ஒன்றரை இஞ்சாகக் கிழித்து வாங்குங்கள். அதற்கு முன் பழைய ஆணியை எல்லாம் பிடுங்கிவிடுங்கள், ஆணி இருந்தால் மில்காரர் தொடவே மாட்டார்.

மூலையை 45 டிகிரியில் அறுத்துச் சேர்ப்பது பார்க்க அழகு. கை ரம்பத்தில் அது சரியாக வர நல்ல பழக்கம் வேண்டும், ஒரு மில்லி தவறினாலும் இடுக்கு தெரியும். அதைவிட, இரண்டு ரீப்பரின் முனையிலும் ஒன்றரை இஞ்சு நீளத்துக்குப் பாதிக் கனத்தை எடுத்துவிட்டு ஒன்றின் மேல் ஒன்றை உட்காரவையுங்கள். பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்கு வெளிப்பக்கம் அறுத்து, மிச்சத்தை உளியால் சீவினால் போதும். பெவிகால் தடவி இறுக்கிக் கட்டுங்கள். மூலைமட்டக் கருவி இல்லையே என்று கவலை வேண்டாம். உங்கள் அளவு 4க்கு 3 என்பதால் மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்தால் சரியாக 5 அடி வர வேண்டும், இரண்டு குறுக்கும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால், கூடின மூலையை லேசாக அழுத்தி, இரண்டும் 5 அடி ஆனதும் காயவிடுங்கள்.

சட்டத்தைத் தனியாக வார்னிஷ் அடித்து முடித்த பிறகே பலகை மேல் வையுங்கள். பலகைக்குப் பின்னாலிருந்து முக்கால் இஞ்சு ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள். 9 மில்லி பலகையும் அரை இஞ்சு ரீப்பரும் சேர்ந்து 21 மில்லிக்கு மேல், ஸ்க்ரூ 19 மில்லி, முன்னால் எட்டிப் பார்க்காது. ஸ்க்ரூத் தலைகளுக்கு மேல் ஒரு பொட்டு எனாமல் வைத்துவிடுங்கள், பின்பக்கம் மறுபடி மூடிவிட்டது.

சட்டம் போக எழுத 45க்கு 33 இஞ்சு கிடைக்கும். திண்ணையில் கடைசிப் பிள்ளை 15 அடி தூரத்தில் இருந்தால் எழுத்து ஒன்றரை இஞ்சாவது இருக்க வேண்டும், 10 அடிக்கு ஒரு இஞ்சு என்பது கணக்கு. இரண்டு கொம்பு, கால், சுழி எல்லாம் உள்ள நம் எழுத்துக்கு வரிக்கு 3 இஞ்சு விடுங்கள். 11 வரி வரும்.

மாட்டும்போது பலகை சுவரை ஒட்டக் கூடாது. தேய்ந்த ரப்பர் செருப்பை நான்கு துண்டாக வெட்டிப் பின்பக்க மூலைகளில் ஒட்டுங்கள், அரை இஞ்சு இடைவெளி கிடைக்கும், காற்று ஓடும். சுவரில் ஓதம் இருக்கிறதா என்று முன்பே பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் வேறு சுவர் பாருங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரும் வேண்டாம், வெளிச்சம் பலகையில் அடிக்கும்.

அழிக்கக் காய்ந்த துணி. ஈரத்துணி வாரம் ஒருமுறை போதும், சோப்பு, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் படக் கூடாது. ஓரிரு வருஷம் கழித்துப் பூச்சு தேய்ந்து வெளுத்தால் உடனே பெயின்ட் வாங்க வேண்டியதில்லை. நம் பள்ளிக்கூடங்களில் அடுப்புக்கரியையும் கோவை இலையையும் சேர்த்து அரைத்துப் பலகைக்குத் தேய்ப்பார்களே, அது இன்றைக்கும் வேலை செய்யும். கரியைச் சலித்து மாவாக எடுத்து, இலைச் சாற்றில் குழைத்துத் துணியால் தேய்த்துக் காயவிடுங்கள். சில வாரம் கறுப்பு நிற்கும். ஊமத்தை இலையிலும் செய்வார்கள், ஆனால் அது விஷம், பிள்ளைகள் கை படும் பலகைக்கு வேண்டாம். பழைய பேட்டரி செல்லை உடைத்து அந்தக் கறுப்பைத் தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம்.

முழுத் தாளைப் பங்கு போட்டு வாங்கினால் மிஞ்சும் 4க்கு 2 துண்டைச் சொன்னேனே. அதை ஒரு அடிச் சதுரமாக அறுத்தால் 8 சிலேட்டு. விளிம்பையும் பின்பக்கத்தையும் இதே மாதிரி அடைத்து, முகத்துக்கு இதே பெயின்ட். அப்படிச் செய்வதாக இருந்தால் பெயின்ட்டை அரை லிட்டருக்குப் பதில் ஒரு லிட்டராக வாங்கி, அந்தச் செலவையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பலகைக்கும் 8 சிலேட்டுக்கும் சேர்த்து 32 சதுர அடி, ஒரு லிட்டரில் மூன்று கோட்டிங் வந்துவிடும்.